வெள்ளைத் துண்டு

வல்லம் வடகால் கன்னியம்மன் கோயில் வாசலில் புதுப்பானை ஏறியிருக்கிறது. அடுப்புப் புகை தேவகியின் முகத்தையே தேடி வருகிறது. கலியாணமாகி ஆறு வருஷம் கழித்து, இந்த மாதம்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. மாமியார் குப்பம்மாளுக்குச் சந்தோஷம் பொறுக்கவில்லை. ஊரைக் கூட்டிப் பொங்கல் வைக்கிறாள். காலையில் குளிக்கப் போன இடத்தில் பாவாடையில் கறையைப் பார்த்த தேவகி யாரிடமும் மூச்சுவிடவில்லை. தீட்டோடு வந்து, அம்மன் அடுப்பையும் தன் கையாலேயே மூட்டிவிட்டாள். இப்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. உள்ளே கட்டிய துணி நனைந்து கனக்கிறது. பானை பொங்கவில்லை. பொங்கலோ பொங்கல் என்று கூவக் காத்திருக்கும் பெண்கள் பானையையே பார்க்கிறார்கள். வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. ஆட்டுக்கிடா மட்டும் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துகிறது. "இன்னாடி இது, இன்னும் பொங்காம கீது?" என்று முணுமுணுக்கும் குப்பம்மாள் மருமகளின் வெளுத்த முகத்தைப் பார்க்கிறாள். "புள்ளத்தாச்சி, எவ்ளோ நேரம்மா நின்னுகினு இருப்பே?" மகன் ரகுபதியின் தோளிலிருந்து சலவை வெள்ளைத் துண்டை உருவி, தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிடுகிறாள். "ஒக்காரும்மா." "வேணாம் அத்தே." "அட, ஒக்காருன்றேன்." வெயிலில் துண்டு கண்ணைக் கூசவைக்கிறது. தேவகி நிற்கிறாள். பானையை மறந்துவிட்டு, பெண்கள் எல்லோரும் அவள் உட்காருவதைப் பார்க்கக் காத்திருக்கிறார்கள்.