சூனியம் வைத்தவள்

“வாயத் தொற தம்பி” என்று ஓதிய தண்ணீர்ப் போத்தலைச் சாய்க்கப் போன நஸீறா மதினி, அப்படியே நின்றுவிட்டார்.

என் கணவர் அக்ரமின் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல வெள்ளை.

“இந்தா நிக்கிது! உங்கட ஊட்டுச் சோத்துல நீ வெச்ச சூனியம், என்ட தம்பிட வாயிலயே நிக்கிது!”

வார்டே திரும்பிப் பார்த்தது.

எங்கள் ஊரில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில்தான் இருப்பார். அவர் கொழுத்தால் அவருடைய உம்மாவின் வளர்ப்பு. மெலிந்தால் எங்கள் வீட்டுச் சோறு.

அந்த வெள்ளையை டொக்டர் போன கிழமையே டோர்ச் அடித்து எனக்குக் காட்டியிருந்தார். இடுப்பைச் சுற்றி வந்த அக்கி, மாதக்கணக்காக நிற்காத வயிற்றோட்டம், எலும்பு தெரிகிற இந்த உடம்பு, எல்லாம் ஒரே நோயைத்தான் காட்டுகின்றன என்றார். எச்.ஐ.வி. நன்றாக முற்றிவிட்டது. இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. குளிசையை ஒரு நாளும் விடாமல் குடித்தால் எழும்பிவிடலாமாம்.

மதினியோ வாசலில் ஓட்டோவை நிறுத்திவைத்திருந்தார். வாகரைப் பக்கம் ஓதிப் பார்க்கிற யாரோ ஒருவரிடம் தம்பியைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறாராம். இந்த உடம்போடு போனால் திரும்பி வருவது மையித்துத்தான்.

உண்மையைச் சொல்ல வாய் துடித்தது. அக்ரம் என் முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நாசமாய்ப் போக!

கத்தாரில் இரத்தம் பார்த்துத்தான் இந்த மனிதனைத் திருப்பி அனுப்பினார்கள். கொம்பனி மூடிவிட்டது என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டு, இரண்டு வருடம் என் பாயில் படுத்தார். இப்போது அவருடைய ராத்தா என்னைச் சூனியக்காரி என்று கூவுகிறார், இவர் கேட்டுக்கொண்டு கிடக்கிறார். அந்தக் கையை உதறினேன்.

ஆனாலும் சொல்ல முடியவில்லை. சொன்னால் அஸர் தொழுகைக்கு முன்னால் ஊர் முழுக்கப் போய்விடும். மகள் இன்ஷிராவைப் பெண் கேட்டு அதன்பிறகு ஒருவரும் எங்கள் படலை தாண்ட மாட்டார்கள்.

வைத்தவளே எடுத்தால்தான் சூனியம் எடுபடும் என்று சந்திக்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறவர் மதினி.

“ஓம் மதினி, வெச்சது நான்தான். எடுக்கிறதும் என்ட கையாலதான். இந்தக் கட்டில உட்டு அசைச்சீங்களெண்டா, உங்கட தம்பி உங்கட மடியிலதான் மௌத்தாவார்!”

கன்னத்தில் பளாரென்று விழுந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். ஆனால் தம்பியைத் தொடவில்லை. ஓட்டோ அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

அக்ரம் அழுதார். எனக்கு இரக்கமே வரவில்லை. குளிசையை அவர் வாயில் போட்டு, விழுங்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு திரைக்குப் பின்னால் போய், ஸில்மியா என்று என் பெயர் எழுதியிருந்த குளிசைப் போத்தலைத் திறந்தேன்.