தறிக்கு மேலே விரிசல்

வீட்டுக்காரர் மஞ்சள் ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார். மாடியை இடித்துக் கட்டும் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து அதைப் போடாமல் அவர் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

"இன்னிக்காவது காலி பண்றியா, இல்லியா பாலா? நான் தெனமும் சொல்லிகினே இருக்கணுமா?"

தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து பட்டுச் சேலை நெய்துகொண்டிருந்த பாலமுருகன் தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் விரிசல் கண்ணில் படும். தறிக்கு நேர் மேலே ஆரம்பித்துச் சுவர் வரைக்கும் போயிருந்தது. முட்டுக்கு மூன்று சவுக்குக் கட்டைகளை நிறுத்தியிருந்தார்கள்.

அவன் மனைவி ஸ்வர்ணலதாதான் பதில் சொன்னாள். தறியில் ஏற்றிய இந்தப் பாவு நூலில் இன்னும் ஒன்றரைச் சேலை பாக்கி இருக்கிறது, பாதியில் பாவை அறுத்துத் தறியைப் பிரித்தால் எல்லாம் வீண், இருபது நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இதையும் அவள் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேலை முடியும்வரை தங்கிக்கொள்ளப் போளூர் ரோட்டில் ஒரு வீடு பார்த்துக் கொடுத்திருந்தார். முடிந்ததும் இதே வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்று கைப்பட எழுதியும் கொடுத்திருந்தார். ஆரணியில் எத்தனை வீட்டுக்காரர்கள் இப்படிச் செய்வார்கள் என்று தெருவே மெச்சிக்கொண்டது. அங்கே தறிக்குழி இல்லை என்பதை மட்டும் தெரு யோசிக்கவில்லை.

காலையில் வீட்டுக்காரர் என்றால் சாயங்காலம் முதலாளி. பட்டும் ஜரிகையும் கொடுத்துச் சேலையாக வாங்கிக்கொள்கிறவர். தவறாமல் போன் செய்வார். ஆவணி முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்த சேலை, ஒரு நாள் தள்ளினாலும் கடை மானம் போய்விடும் என்பார். பாவை அறுத்தால் அடுத்த பாவுக்கு என் படியேறாதே என்றும் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரரிடம் பாவைப் பற்றிப் பேசினால், அது தொழில் விஷயம், இப்போது வீட்டு விஷயத்துக்கு வா என்பார். முதலாளியிடம் விரிசலைப் பற்றிப் பேசினால், வீட்டு விஷயத்தைத் தொழிலில் கொண்டுவராதே என்பார். இரண்டும் நியாயமாகத்தான் இருந்தன. மேலே ஒவ்வொரு அடி விழும்போதும் ஸ்வர்ணலதா மட்டும் விரிசலை அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாடியில் உடைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பாலமுருகனின் தோளைக் கிழித்துவிட்டுத் தரையில் சிதறியது. கொஞ்சம் இந்தப் பக்கம் விழுந்திருந்தால் தலை போயிருக்கும். ஸ்வர்ணலதா சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாடியில் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் ஓடிவந்தார். தறிமேல் கிடந்த தூசியை ஊதிவிட்டு, சேலையை ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் தடவிப் பார்த்தார். பிறகு பாலமுருகனின் தோளைப் பார்த்து, ஜல்தியாக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

யாரோ சொல்லி, மத்தியானமே நகராட்சி இன்ஜினியர் வந்துவிட்டார். மதிவதனி என்று பெயர். அண்ணாந்து விரிசலைப் பார்த்தவர் முதல் காரியமாக மாடி வேலையை நிறுத்தினார். அடுத்து, ஒரு படிவத்தைத் தொடை மேல் வைத்துக்கொண்டு, முதல் வரியில் வீட்டுக்காரரின் பெயரையும் விலாசத்தையும் கேட்டு எழுதினார். சந்திரமோகன், பெரிய கடைத் தெரு, ஆரணி.

சந்திரமோகன் பையிலிருந்து, வீட்டைக் காலி செய்யச் சொன்ன மூன்று நோட்டீஸ் நகல்களை எடுத்து நீட்டினார். மூன்றும் பதிவுத் தபாலில் போனவை. மூன்றின் ஒப்புகை அட்டையிலும் பாலமுருகனின் கையெழுத்து இருந்தது.

"நான் சொல்லாத நாளே இல்ல மேடம். வேற வீடு கூட குடுத்துட்டேன். அவங்களுக்கே உசுரு மேல அக்கறை இல்லன்னா நான் இன்னா பண்றது?"

மதிவதனி மூன்றையும் படித்துப் பார்த்தார். குறையொன்றும் அகப்படவில்லை. கோபத்தை அப்படியே கணவன் மனைவி பக்கம் திருப்பினார். படித்துப் படித்துச் சொல்லியும் இடிகிற வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் யார் என்ன செய்ய முடியும் என்று திட்டினார். பாலமுருகன் தோளில் கட்டோடு தலையைக் குனிந்துகொண்டான்.

ஸ்வர்ணலதா முதலாளியைப் பற்றிச் சொன்னாள். தினமும் வரும் போனைச் சொன்னாள். பாவை அறுத்தால் அடுத்த பாவு கிடையாது, பாவு இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பதையும் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த மதிவதனியின் முகம் மாறியது. வீட்டுக்காரர் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு, மாடியில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று கிளம்பப் பார்த்தார். மதிவதனி அவரை இருக்கச் சொன்னார்.

"ஒரு சேலைக்காக ஆளை விரிசலுக்குக் கீழ உக்கார வெச்சிருக்காரு. அவர் மேலதான் மொதல்ல எழுதணும். அந்த மொதலாளி பேரு, விலாசம் சொல்லும்மா."

பாலமுருகன் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினான். ஸ்வர்ணலதா அவன் தோளில் ரத்தம் ஊறியிருந்த கட்டைப் பார்த்தாள்.

"மேல மொதல் வரியில எழுதியிருக்கீங்களே மேடம், அதையே இன்னொருக்கா எழுதிக்குங்க."