ஆறு மணிப் பூசை

ஐம்பது வருடமாகக் காலை ஆறு மணிப் பூசையைத் தவறவிடாத தம்பதி என்று, வரும் ஞாயிறன்று மட்டாஞ்சேரிப் பங்குக் கோவிலில் இன்னாசிக்கும் செசிலிக்கும் பொன்னாடை போர்த்தப் போகிறார்கள். இன்னாசிக்குச் சாயா இறங்கவில்லை.

“உனக்குத் தகும். எனக்கெதுக்குடி? பிரசங்கத்துல பாதி நாள் தூங்கினவன் நான். கோவில் அச்சன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“குறட்டை விடாம தூங்கினீங்களே, அதுக்குத்தான் பொன்னாடை.”

“விளையாடாதே. கல்யாணமான மறுநாள் விடியக்காலம் நீ எழுந்து முக்காடு போட்டே. பக்தியான பொண்ணாச்சே, தனியா அனுப்பக் கூடாதேன்னு கூட வந்தேன். அப்படியே ஐம்பது வருஷம் ஓடிப்போச்சு.”

செசிலி டம்ளரைக் கீழே வைத்தாள். “நீங்க சட்டை போடறதைப் பார்த்துத்தானே நான் முக்காடே போட்டேன். பூசைக்குப் போற மாப்பிள்ளைன்னு நினைச்சேன்.”

“நான் பால் வாங்கப் புறப்பட்டேன்டி.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“அப்போ நாளையிலேருந்து தூங்கலாமா?”

“நல்லா தூங்கலாம்.”

மறுநாள் ஐந்தரை மணிக்கு, மனைவியை எழுப்பாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மெல்ல வாசலுக்கு வந்தார் இன்னாசி. அங்கே முக்காட்டுடன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள் செசிலி.

“பால் வாங்கத்தான்,” என்றாள்.