கூஜாத் தண்ணீர்

செபஸ்தியான் தினமும் சாயங்காலம் கூஜா நிறையத் தண்ணீரோடு பஸ் ஏறுவதைப் பார்த்துப் பாக்கியமேரிக்கு வயிறு எரிந்தது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த களைப்புகூடத் தெரியாமல் கிளம்பிவிடுவார். போவது உறையூர் எமிலி டீச்சர் வீட்டுக்கு என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் சகாயம்மாள் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, அவங்க வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லையா?”

“நம்ம வீட்டுத் தண்ணிதான் வேணும், மேரி” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எமிலி கல்யாணமாகாதவள், படித்தவள், சொந்தமாகச் சம்பளம் வாங்குகிறவள். மேரியால் தாங்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே உறையூருக்குப் போய்க் கதவைத் தட்டினாள். எமிலிதான் திறந்தாள். உள்ளே செபஸ்தியான் ஒரு கண்ணாடித் தொட்டியில் கூஜாத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு தங்கமீன்கள் நீந்தின.

“இங்க என்ன நடக்குது?” மேரியின் குரல் உடைந்தது.

“உங்களுக்குத்தாங்க இந்த மீனு” என்றாள் எமிலி. “உங்க வீட்டு மீன் தொட்டியில வேளாங்கண்ணிக் கிளிஞ்சலைப் பரப்பியிருக்கீங்களாமே. அதுல இருக்கிற சுண்ணாம்பு தண்ணியோட குணத்தையே மாத்திடும். இது என் தொட்டியில, ஆத்து மணல்ல வளர்ந்த மீனு. திடீர்னு அங்க விட்டா, போன தடவை நீங்க வாங்கி விட்ட மீனுங்க மாதிரி செத்துப்போயிடும். அதான் உங்க தொட்டித் தண்ணியை தினம் கொஞ்சம் கொஞ்சமா கலந்து பழக்கறோம்.”

மேரி தொட்டியின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

“கிளிஞ்சலை எடுத்துடுங்கன்னு நான் முதல்லயே சொன்னேன். ‘அது மேரி ஆசையாப் பொறுக்கினது, எடுக்க மாட்டேன்’னுட்டார்.”

எமிலி முகத்தை மீன்களின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“பொறாமைப்பட வேண்டியது நீங்க இல்லைங்க.”