அணையா விளக்கு அணைந்த மத்தியானம்

சர்ச் பீடத்தில், நற்கருணை வைக்கிற பேழைக்கு முன்னால் தொங்கும் விளக்கு அணைந்து கிடந்தது.

கோவில்பிள்ளை கதவடியிலேயே நின்றுவிட்டார். கையில், பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பித்தளைத் தண்டு. மெழுகுவர்த்தி வைக்கிற அந்தத் தண்டுக்குக் கால் ஒடிந்துபோய், பற்றவைக்கக் காலைப் பூசை முடிந்த கையோடு கொண்டுபோயிருந்தார். 'இதோ ஆச்சு, இதோ ஆச்சு' என்றே மூன்று மணி நேரத்தை விழுங்கிவிட்டான் பட்டறைக்காரன்.

அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கோவிலுக்குச் சாவியும் அவர்தான், மணியும் அவர்தான், விளக்கும் அவர்தான். நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எண்ணெய் ஊற்றிய மனுஷன். அவர் காவலில் ஒருநாளும் அது தானாக அணைந்ததில்லை.

பட்டப்பகலில் எதற்கு விளக்கு என்று கேட்பவர்களுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது.

"உள்ள ஆண்டவர் இருக்கார்ல. நம்ம மேல இருக்கிற பிரியத்துல ராத்திரி பகலா உட்காந்திருக்கார். அதுக்கு அடையாளந்தான் இது."

வீட்டுக்காரி அந்த விளக்குக்கு 'மூத்தாள்' என்று பெயர் வைத்திருந்தாள். கட்டிய நாளாக அவரை அதோடு பங்குபோட்டுக்கொள்கிறாளாம். இன்றைக்குக் காலையிலும், "போங்க போங்க, மூத்தாள் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கப் போறா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்.

இப்போது சிரிப்பா வரும்?

தண்டைப் போட்டுவிட்டு ஓடினார். எண்ணெய் முக்கால்வாசி இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. திரியின் நுனி, யாரோ விரலால் கிள்ளியதுபோல் நசுங்கியிருந்தது. அதைப் பார்த்தும் அவருக்கு உறைக்கவில்லை. யாராவது பார்ப்பதற்குள் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் புத்தியில் ஓடியது. பங்குச் சாமியார் பார்த்தால் என்ன சொல்வார்? சாமியாரை விடுங்கள், ஆண்டவர் என்ன நினைப்பார்?

முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது பிடித்து அணைந்தது. மூன்றாவதில் திரி பற்றிக்கொண்டது.

சிவப்புக் கண்ணாடிக்குள் சுடர் நிமிர்ந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. மன்னிச்சுக்கோ ஆண்டவரே என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. சாமியார். கழுத்தில் ஊதா நிறப் பட்டை, சட்டையெல்லாம் வேர்வை, வெயிலில் ஓடி வந்த முகம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், எரிகிற விளக்கைப் பார்த்ததும் நிறுத்தினார்.

நேராக வந்தார். கண்ணாடிக்குள் குனிந்து ஒரே ஊது.

 சாமியார் கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால்கூடக் கோவில்பிள்ளைக்கு இப்படி வலித்திருக்காது. மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டதா? பூசை வைக்கிற வாயாலேயே ஊதி அணைக்கிறாரே!

"சாமி! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

சாமியார் பேழையைக் காட்டினார். கதவு பாதி திறந்திருந்தது; விளக்கேற்றுகிற பதைப்பில் அவர் அதைக் கவனிக்கவேயில்லை. உள்ளே, ஆண்டவராகவே வணங்குகிற அப்பம் இருக்கும் நற்கருணைக் கிண்ணம் இல்லை. வெள்ளைத் துணி மட்டும் விரித்தபடி இருந்தது.

"அய்யய்யோ, திருட்டுப் போச்சே!"

"திருடு போகல அண்ணே. நான்தான் எடுத்துட்டுப் போனேன். உள்ள ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

கோவில்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். தப்பு அவருடையது. காலையில் அந்தப் பாழாய்ப்போன தண்டு நினைப்பில், பூசைக்குப் புது அப்பங்களை எடுத்து வைக்க மறந்துவிட்டார். இருந்த கடைசி அப்பமும் வெளியே போனால் பேழை காலி. காலிப் பேழைக்கு முன்னால் விளக்கு எரியக்கூடாது. இந்த முறையெல்லாம் அவருக்குத் தெரியாததா?

அப்படியானால் சாமியார்தான் அணைத்திருக்கிறார். முறைப்படிதான் அணைத்திருக்கிறார். அப்பாடா! ஆண்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தன் மேலும் பெரிய குற்றம் இல்லை. பாரம் இறங்கிய நிம்மதியில் அவருக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

மத்தியானத்தில், கழுத்துப் பட்டையோடு, இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு சாமியார் ஓடுகிறார் என்றால் யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். பாவம், யாரோ. பேக்கரிக்காரரின் அப்பா ஒரு மாதமாகப் படுத்த படுக்கை.

"யாருக்கு சாமி? பேக்கரிக்காரர் அப்பாவுக்கா?"

சாமியார் இல்லை என்று தலையசைத்தார். கோவில்பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் விரல்களில், நோயாளிகளின் நெற்றியில் பூசுகிற எண்ணெய் இன்னும் பிசுபிசுத்தது.

"உங்களை எங்கெங்க தேடுறது? போனையும் இங்க மேசையிலயே வச்சுட்டுப் போயிட்டீங்க. அக்கா திடீர்னு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டாங்க. ஆண்டவர் இப்ப உங்க வீட்டுலதான் இருக்கார் அண்ணே. அக்கா கண்ணு இன்னும் மூடல. வாசலையே பாத்துட்டு இருக்காங்க. ஓடுங்க."