அலை இல்லாத இடம்

உயிர்காப்பாளன் இழுத்து வந்து மணலில் போட்டதும், பெரியவர் குடித்த கடலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்.

"கடல் உள்ளே இழுக்கும்போது கரையைப் பார்த்து நீந்தினா கை ஓஞ்சிடும் சார். பதறாம மிதந்து கையைத் தூக்கணும், இல்லன்னா பக்கவாட்டுல நீந்தி வெளியே வரணும். ஆமா, அங்க ஏன் இறங்கினீங்க?"

"அங்கதான் தம்பி அலையே இல்லாம சாதுவா இருந்துச்சு."

"அந்தச் சாதுதான் சார் ஆளை உள்ளே இழுக்கும்! 'இங்கே குளிக்காதீர்'னு பலகை எழுதி, ஆபத்தான இடத்துல நடச் சொல்லி ஒரு பெயின்டரை அனுப்பினோம். அந்த மேதை, அலை நல்லா அடிக்கிற இடமாப் பார்த்து நட்டுட்டுப் போயிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"

மறுபடி மயங்கிவிடலாமா என்று பெரியவர் யோசித்தார். மயக்கம் வருவதாக இல்லை.

"கிடைச்சுட்டான் தம்பி," என்றார் கண்ணைத் திறக்காமலே. "நீங்க இவ்வளவு கஷ்டப்பட்டு இழுத்துட்டு வந்ததே அவனைத்தான்."