கவுகாத்திக்கு ஒரு பெட்டி

உப்பு லாரியைக் கவுகாத்திக்கு எந்த வழியாக அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார் லாரி ஆபீஸ் லிங்கராஜ். அட்டைப்பெட்டியோடு விக்டோரியா வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இது கவுகாத்திக்குப் போவணும். டிரைவரே வீட்டுக்குள்ள போய்க் கையில குடுக்கணும்.”

“கூரியர்ல போடுங்கம்மா. லாரி போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல ஆகும்.”

“ஆகட்டும். இஞ்ஞாசிதான் கொண்டுபோவணும்.”

புதிதாகச் சேர்ந்த அந்த டிரைவரை நினைத்ததுமே லிங்கராஜுக்கு அலுப்புத் தட்டியது.

“அவன் முசுடும்மா. யாருகிட்டயும் முகங்குடுத்துப் பேச மாட்டான். அடுத்த லாரியில தங்கமான ஆளு போறான், குடுத்து விடுதேன்.”

“முசுடுதான் அண்ணாச்சி. இருந்தாலும் அவரே போகட்டும்.”

“சரி, அங்க வாங்குதவங்க பேரு?”

“இஞ்ஞாசி.”

“டிரைவர் பேரு எனக்குத் தெரியும்மா. பெட்டிய வாங்குதது யாரு?”

“அதத்தான் சொல்லுதேன். எம் மக பெத்த பிள்ள. அசாம்காரப் பையனக் கட்டுனதுல இருந்து எங்க வீட்டுக்காரரு அவகூடப் பேசுறதில்ல. அவ, அப்பா பேரத்தான் பிள்ளைக்கு வச்சிருக்கா. நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம்.”

லிங்கராஜ் பெட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

“இஞ்ஞாசி, கவுகாத்தியில ரிட்டன் லோடு உடனே கிடைக்காது போல. நாலு நாள் தங்குத மாதிரி துணி எடுத்துட்டு வா.”